கூட்டணி எனும் உடன்படிக்கை: 1960 கேரளத் தேர்தலும் முஸ்லிம் லீகும்

அரபு மொழியில் கூட்டணியைக் குறிக்கும் பழஞ்சொல் 'ஹில்ஃப்' என்பதாகும். ஆணையிடுதல், சத்தியம் செய்தல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. கூட்டாளிக்கு 'ஹலீஃப்' என்று பெயர். இன்றைய அரபு நாளிதழ்கள் அரசியல் கட்சிகளின் கூட்டணியைக் குறிக்க வழங்கும் 'தஹாலுஃப்' என்ற சொல்லும் இதே வேரினதாகும். ஆக, அரபியர் கூட்டணி என்றதும் முதலில் நினைத்தது ஆள்தொகையை அன்று. ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கைத்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இச்சொல் இருமுறை ஒளிர்கிறது. நுபுவ்வத்துக்கு முன்னர், யமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளை மக்கத்துச் செல்வர் ஒருவர் பெற்றுக்கொண்டு விலை தர மறுத்தபோது, அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் நிற்பதென்று குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி உறுதி பூண்டனர். அதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. அவ்வவையில் பங்கேற்ற அண்ணலார், நபித்துவத்திற்குப் பின்னரும் அதனைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

மற்றொன்று, ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கை. அரபுக் குலங்கள் தாம் விரும்பிய அணியில் சேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பனூ பக்ர் குலத்தார் குறைஷியர் அணியிலும், குஸாஆ குலத்தார் அண்ணலாரின் அணியிலும் சேர்ந்தனர். பின்னர் குறைஷியரின் துணையோடு பனூ பக்ர் குலத்தார் குஸாஆவினரைத் தாக்கியபோது, அம்ர் இப்னு ஸாலிம் மதீனா வந்து முறையிட்டார். குஸாஆவினர் அனைவரும் அன்று முஸ்லிம்களாக இருந்தனர் என்பதில்லை. எனினும், கூட்டாளிக்கு இழைக்கப்பட்ட அநீதி தமக்கு இழைக்கப்பட்டதே என்று கொண்டு அண்ணலார் புறப்பட்டார்கள். மக்கா வெற்றிக்கு உடனடிக் காரணமாக அமைந்தது இந்நிகழ்ச்சியே.

வலியவர் எளியவரைத் தேடுவது கூட்டணியின் தொடக்கம். எளியவருக்கு இடர் வரும்போது வலியவர் என்ன செய்கிறார் என்பதே அதன் சோதனை. இந்த உரைகல்லைக் கையில் ஏந்தி, அண்மைக்கால வரலாற்றின் ஒரு பகுதியை நாம் உரசிப் பார்க்க விழைகிறோம். அது 1960ஆம் ஆண்டின் கேரளச் சட்டமன்றத் தேர்தலும் அதன் பின்விளைவுகளுமாகும்.

தேர்தலின் பின்னணி

1956 நவம்பர் 1 வரை மலபார், சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது அதன் தலைமையை ஏற்ற காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் திருநெல்வேலிப் பேட்டையைச் சேர்ந்தவர். பின்னாளில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் மலபாரின் மஞ்சேரித் தொகுதி அவர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. எனவே, கேரளத்து லீகின் கதை நமக்கு அயலார் கதையன்று.

1957இல் நடந்த கேரளத்தின் முதல் தேர்தலில் 126 இடங்களுள் கம்யூனிஸ்டுக் கட்சி 60 இடங்களை வென்றது. சுயேச்சைகள் ஐவரின் துணையோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஏப்ரல் 5 அன்று முதலமைச்சரானார். நிலச்சீர்திருத்தமும் கல்விச் சட்டமும் அவ்வரசின் இரு பெரும் முயற்சிகள். கல்விச் சட்டத்தால் தம் நிறுவனங்களின் உரிமை பறிபோகும் என்று கத்தோலிக்கத் திருச்சபை அஞ்சியது. மன்னத்து பத்மநாபனின் தலைமையிலான நாயர் சமூகச் சங்கமும் எதிர்த்தது. காங்கிரஸும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியும் களத்தில் இறங்கின. முஸ்லிம் லீகும் உடன் நின்றது. 'விமோசன சமரம்' என்று பெயர்பெற்ற அக்கிளர்ச்சி 1959 ஜூனில் தொடங்கியது. ஜூலை 31 அன்று நடுவண் அரசு கேரள அரசைக் கலைத்தது.

1960 பிப்ரவரி 1 அன்று ஒரே நாளில் தேர்தல் நடந்தது. ஒருபுறம் கம்யூனிஸ்டுக் கட்சி. மறுபுறம் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகியவற்றின் தொகுதி உடன்பாடு. கம்யூனிஸ்டு எதிர்ப்பு வாக்குகள் சிதறலாகாது என்பதே அவ்வுடன்பாட்டின் உயிர்நாடி. ஒரு தொகுதியில் ஓர் எதிர்வேட்பாளர் என்னும் எளிய விதி, தேர்தல் முடிவையே புரட்டிப் போட்டது.

கணக்கு சொல்லும் பாடம்

1957இல் ஏறத்தாழ 35 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற கம்யூனிஸ்டுக் கட்சி, 1960இல் ஏறத்தாழ 39 விழுக்காடு பெற்றது. வாக்கு கூடியது, ஆனால் இடங்களோ 29ஆகச் சுருங்கின. காங்கிரஸ் 63, பிரஜா சோஷலிஸ்ட் 20, முஸ்லிம் லீக் 11 என மூன்று கட்சிகளும் சேர்ந்து 94 இடங்களை வென்றன. மக்கள் ஆதரவில் வளர்ந்த கட்சி இடங்களில் பாதிக்கு மேல் இழந்ததென்றால், அது முழுக்க முழுக்கக் கூட்டணியின் ஆற்றலே.

இங்கு நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தேர்தலுக்கு முன் லீகின் தேவை எத்தகையது? லீக் வென்ற 11 இடங்கள் மட்டும் அதன் பங்களிப்பன்று. லீக் போட்டியிடாத தொகுதிகளில் அதன் ஆதரவாளர்கள் காங்கிரஸுக்கும் பிரஜா சோஷலிஸ்டுக்கும் அளித்த வாக்குகள் தனியே எண்ணப்படவில்லை, எண்ணவும் இயலாது. கூட்டணியில் சிறிய கட்சியின் உழைப்பு பெரிய கட்சியின் கணக்கில் வரவாகிவிடும்.

தேர்தலுக்குப் பின் நிலை என்ன? 126இல் 63 என்பது சரிபாதி. காங்கிரஸால் தனித்து ஆள இயலவில்லை. ஆனால் பிரஜா சோஷலிஸ்டின் 20ஐச் சேர்த்தால் 83. அத்துடன் பெரும்பான்மை கைகூடிவிட்டது. லீகின் 11 இனித் தேவையில்லை. வாக்குப்பெட்டி மூடியிருந்தவரை இன்றியமையாத் துணையாக விளங்கிய கட்சி, பெட்டி திறந்தபின் உபரியாயிற்று.

பிப்ரவரி 22 அன்று பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியினர். 20 உறுப்பினர்களைக் கொண்ட கட்சிக்கு முதலமைச்சர் பதவியே கிடைத்தது. 11 உறுப்பினர்களைக் கொண்ட கட்சிக்கு ஓர் அமைச்சர் பதவிகூட இல்லை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் இரண்டுக்குமிடையே இவ்வளவு பெரிய இடைவெளி நேர்ந்திராது. லீகை அமைச்சரவையில் சேர்க்கக் காங்கிரஸ் இசையவில்லை என்பதே உண்மை.

காங்கிரஸின் பக்க நியாயத்தையும் கூறாவிடில் நாம் நீதி தவறியவராவோம். பிரிவினை நடந்து அப்போது 13 ஆண்டுகூட நிறையவில்லை. லீக் என்ற பெயரைக் கேட்டவுடன் வட இந்தியாவில் பழைய காயங்களே நினைவுக்கு வந்தன. 1948க்குப் பின் அரசியல் சட்டத்தை ஏற்று இயங்கிய புதிய இயக்கம் இது என்பதைப் பிற மாநிலத்தாருக்கு விளக்குவது எளிதாகவும் இல்லை. அந்த இடர்ப்பாடு மெய்யானதே. ஆனால் அது தேர்தலுக்கு முன்னரும் இருந்ததல்லவா? வாக்குக் கேட்கும்போது தடையாகத் தோன்றாத பெயர், பதவி பகிரும்போது மட்டும் தடையானது எப்படி என்ற வினாவுக்கு அந்நியாயத்தில் விடையில்லை.

பேரவைத் தலைவர் பதவி

அமைச்சர் பதவிக்கு ஈடாகச் சட்டப் பேரவைத் தலைவர் பதவி லீகுக்கு அளிக்கப்பட்டது. கே.எம். சீதி சாஹிப் 1960 மார்ச்சில் அப்பதவியை ஏற்றார். வழக்கறிஞர், கல்வியாளர், ஃபாரூக் கல்லூரி உருவாகத் துணைநின்றவர்களுள் ஒருவர் எனப் பல சிறப்புகளுக்கு உரியவர் அவர். லீகின் முன்னணித் தலைவர் என்று எல்லாரும் அறிந்திருந்த நிலையிலேயே அவர் அவ்வாசனத்தில் அமர்ந்தார்.

1961 ஏப்ரல் 17 அன்று சீதி சாஹிப் காலமானார். (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) அவருக்குப் பின் யார் என்ற வினா எழுந்தபோதுதான் கூட்டணியின் உண்மை முகம் வெளிப்பட்டது. லீக், சி.எச். முஹம்மது கோயா அவர்களை முன்மொழிந்தது. 'சந்திரிகா' நாளேட்டின் வழி எழுத்தாலும், மேடைதோறும் பேச்சாலும் மலபாரின் இளைஞர்களைக் கவர்ந்திருந்த அவருக்கு அப்போது வயது 33. காங்கிரஸ் ஒரு நிபந்தனை விதித்தது: முஸ்லிம் லீகின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினால் மட்டுமே அவரை ஆதரிக்க இயலும். சி.எச். விலகினார். 1961 ஜூனில் பேரவைத் தலைவரானார்.

பேரவைத் தலைவர் கட்சிக்கு அப்பாற்பட்டவராயிருத்தல் நல்ல மரபே. ஆங்கிலேயரின் நாடாளுமன்றத்தில் அது நெடுங்கால வழக்கம். ஆயினும், மரபு என்பது எல்லாக் கட்சியினருக்கும் எல்லாக் காலத்திலும் பொருந்த வேண்டும். ஒரு கட்சியின் உறுப்பினருக்கு மட்டும், பதவி கைமாறும் வேளையில் மட்டும் விதிக்கப்படுவது நிபந்தனையேயன்றி மரபாகாது.

ஹுதைபிய்யாவில் பெயர் நீக்கம்

இவ்விடத்தில் நம் அறிஞர்கள் சிலர் ஹுதைபிய்யாவை எடுத்துக்காட்டுவதுண்டு. உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்றெழுதக் கூடாது என்று குறைஷியரின் தூதர் சுஹைல் இப்னு அம்ர் மறுத்தபோது, அண்ணலார் அச்சொல்லை நீக்கி 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்றெழுதச் செய்தார்கள். உயர்ந்த நோக்கத்துக்காகப் பெயரை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு அது சான்று என்பர். சி.எச். செய்ததும் அத்தகையதே எனக் கூறித் தேறுதல் கொள்வர்.

நபிகளாரின் செயலோடு பிற்காலத்தார் செயலை நிறுத்துப் பார்க்கும் துணிவு நமக்கில்லை. பாடம் கற்கும் நோக்கில் ஒன்றை மட்டும் சுட்டுகிறோம். ஹுதைபிய்யாவில் நீக்கப்பட்டது ஏட்டிலிருந்த ஒரு சொல், கிடைத்ததோ சமநிலை. அதுவரை முஸ்லிம்களை ஒரு தரப்பாகவே மதிக்காதிருந்த குறைஷியர், அன்று எதிரே அமர்ந்து கையொப்பமிட்டனர். பிற குலங்கள் விரும்பினால் அவ்வணியில் சேரலாம் என்றும் ஒப்புக்கொண்டனர். பெயர் போயிற்று; தரப்பு நிலைபெற்றது. 1961இல் நேர்ந்தது இதற்கு மறுதலையானது. பதவி கிடைத்தது, தரப்பு மறுக்கப்பட்டது. இந்த ஆள் வேண்டும், இவருடைய இயக்கம் வேண்டா என்பதே அந்நிபந்தனையின் பொருள். அதனை ஏற்றவர் எத்துணை ஆற்றலாளராயினும், அவர் அங்கு ஒரு கூட்டாளியின் பிரதிநிதியாக இருக்க முடியாது.

இதை லீகின் தலைமையும் விரைவில் உணர்ந்தது. ஐந்து திங்கள் கழிந்து, 1961 நவம்பரில் சி.எச். பதவி விலகினார். காங்கிரஸுடனான உறவும் முறிந்தது. ஒப்பந்தத்தில் மறுதரப்பின் நேர்மையை ஐயுற நேர்ந்தால், மறைவில் சதி செய்யாமல் வெளிப்படையாக அதனைத் திருப்பி எறிந்துவிட வேண்டும் என்பது அல்அன்ஃபால் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுங்கு. பதவியில் இருந்துகொண்டே குழிபறிக்காமல், பதவியைக் கையளித்துவிட்டு வெளியேறியது அவ்வொழுங்குக்கு இசைந்த செயல் என்றே நாம் கருதுகிறோம். அடுத்து வந்த 1962 நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸின் துணையின்றிப் போட்டியிட்டு, கோழிக்கோட்டில் சி.எச்., மஞ்சேரியில் காயிதெ மில்லத் என இருவரை லீக் வெற்றிபெறச் செய்தது.

கூட்டாளிகளை இழந்த கட்சி

எஞ்சிய கூட்டணியும் நிலைக்கவில்லை. 1962இல் பட்டம் தாணு பிள்ளை பஞ்சாபின் ஆளுநராக அனுப்பப்பட்டார். ஆர். சங்கர் முதலமைச்சரானார். பிரஜா சோஷலிஸ்டும் அரசிலிருந்து வெளியேறியது. இரண்டாண்டுகளுக்குள் காங்கிரஸுக்குள்ளேயே பிளவு தோன்றியது. 1964 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அக்கட்சியின் உறுப்பினர் பதினைவர் ஆதரிக்க, அரசு கவிழ்ந்தது. அவர்களே பின்னர்க் கேரளக் காங்கிரஸை உருவாக்கினர். 94 உறுப்பினர்களின் வலிமையோடு தொடங்கிய ஆட்சி நான்கரை ஆண்டில் தன் சொந்த உறுப்பினர்களாலேயே வீழ்ந்தது. 1965இல் நடந்த தேர்தலில் எவர்க்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை கூடாமலேயே கலைக்கப்பட்டது.

1967இல் களம் தலைகீழாயிற்று. மார்க்சிஸ்ட் கட்சி, இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி, சம்யுக்த சோஷலிஸ்ட், புரட்சி சோஷலிஸ்ட் உள்ளிட்ட எழுகட்சி முன்னணியில் முஸ்லிம் லீகும் இடம்பெற்றது. 133 இடங்களுள் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 9 மட்டுமே. மார்க்சிஸ்ட் கட்சி 52 இடங்களிலும் லீக் 14 இடங்களிலும் வென்றன. இம்முறையும் கணக்குப்படி பார்த்தால், லீகின் இடங்கள் இல்லாமலே அரசமைக்கப் போதிய உறுப்பினர்கள் முன்னணியில் இருந்தனர். எனினும் லீகுக்கு இரு அமைச்சர்கள். சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். அஹ்மது குரிக்கள் ஊராட்சித் துறையை ஏற்றார். எவரும் லீகிலிருந்து விலகும்படி கேட்கப்படவில்லை. அவ்வாட்சிக் காலத்தில், 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1969 ஜூன் 16 அன்று மலப்புறம் மாவட்டம் உருவானது. கேளப்பன் போன்ற மூத்த காந்தியவாதிகளும் ஜனசங்கத்தாரும் வன்மையாக எதிர்த்தபோதும், முன்னணி பின்வாங்கவில்லை. எளிய கூட்டாளிக்காக வலிய கூட்டாளி எதிர்ப்பைத் தாங்கி நின்ற நேரம் அது.

1960க்கும் 1967க்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை என்பது இப்போது விளங்கும். இரு தேர்தல்களிலும் லீக் இல்லாமலே ஆட்சியமைக்கப் பெரிய கட்சிகளால் முடிந்திருக்கும். முன்னதில் எதிரியை வீழ்த்துவதோடு உடன்பாடு முடிந்துவிட்டது. பின்னதில் வென்றபின் சேர்ந்து ஆள்வதும் உடன்பாட்டுக்குள் இருந்தது. முதலாவது இடப் பங்கீடு, இரண்டாவது உடன்படிக்கை.

நம் கணக்கு

பிறரை உரசிய அதே உரைகல்லில் நம்மையும் உரசிப் பார்ப்பதே அறம். 1959இல் கம்யூனிஸ்டு அரசை வீழ்த்தத் தெருவில் இறங்கியவர்கள், எட்டாண்டுகளுக்குள் கம்யூனிஸ்டுகளோடு அமைச்சரவையில் அமர்ந்தது சரியா என்ற வினா அன்றே எழுந்தது. கொள்கை வேறுபட்டோரோடு நீதியின் பொருட்டு இணையலாம் என்பதற்கு ஹில்ஃபுல் ஃபுளூல் இடம் தருகிறது. ஆயின், அவ்விடம் 1967க்கு உண்டென்றால், 1959இன் வேகத்தில் எவ்வளவு நீதி, எவ்வளவு அச்சம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசை இடையில் கலைக்கும் வழக்கத்துக்கு அன்று நாமும் துணைநின்றோம். அவ்வாயுதம் பின்னர் எத்தனை மாநிலங்களில் யார் யார் மீது பாய்ந்தது என்பதை நாடறியும்.

அவ்வாறே 1969இன் முறிவும் எண்ணத்தக்கது. ஊழல் குற்றச்சாட்டுகளைச் சுற்றி முன்னணிக்குள் பூசல் மூண்டு, அக்டோபர் 24 அன்று ஈ.எம்.எஸ். பதவி விலகினார். அடுத்த வாரமே அச்சுத மேனன் தலைமையில் அமைந்த அரசில் லீக் இடம்பெற்றது. மலப்புறம் உருவாகி நான்கு திங்களே ஆகியிருந்தன. முன்னணி உடைந்ததில் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் பெரும் பங்குண்டு என்பர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1961இல் நாம் கைக்கொண்ட நேரிய ஒழுங்கு 1969இலும் அவ்வளவு தெளிவாகக் காணப்பட்டதா என்று கேட்டால், உடனே ஆம் என்று கூற நமக்கு நா எழவில்லை. வாக்கு மீறப்படும்போது வலிக்கும் என்பதை அறிந்தவர்கள், தம் வாக்கை இன்னும் கவனத்தோடு காக்கக் கடமைப்பட்டவர்கள்.

இருமுனைகளிலும் காயிதெ மில்லத்

1967 பிப்ரவரியில் காயிதெ மில்லத் அவர்கள் ஒரே வேளையில் இரு மாநிலக் கூட்டணிகளுக்குப் பொறுப்பாயிருந்தார்கள். கேரளத்தில் எழுகட்சி முன்னணி. சென்னை மாநிலத்தில் அறிஞர் அண்ணா தலைமையிலான அணி. அவ்வணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒருசேர இருந்தன. இரு மாநிலங்களிலும் காங்கிரஸ் ஆட்சி வரவில்லை. ஆனால் பயன் ஒன்றாக அமையவில்லை. சென்னையில் தி.மு.க. தனிப்பெரும்பான்மை பெற்றது, அக்கட்சியினர் மட்டுமே அமைச்சராயினர். இங்கு ஆட்சிப் பங்கு உடன்பாட்டின் பகுதியாக இருக்கவில்லை. எனவே ஏமாற்றப்பட்டதாகக் குறைகூறவும் இடமில்லை. ஒரே தலைவர், ஒரே இயக்கம், ஒரே திங்கள். உடன்பாடு வேறு, எனவே விளைவும் வேறு.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் சமுதாயக் கட்சிகள் பெரிய கட்சிகளின் வாயிலில் கேட்பது 'எத்தனை இடம்?' என்ற ஒரே வினாதான். இரண்டா மூன்றா என்பதில் நாள்கள் கழிகின்றன. எந்தச் சின்னத்தில் நிற்பது என்பதில் மீதி நாள்கள் கழிகின்றன. சொந்தச் சின்னத்தை விட்டுப் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றால், சட்டத்தின் பார்வையில் அவர் யாருடைய உறுப்பினர் என்ற வினா எழுகிறது. 1961இல் ஒருவரிடம் கேட்கப்பட்ட விலை அதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. வென்றபின் நம் கோரிக்கைகளுள் எவை, எந்தக் காலத்துக்குள் நிறைவேறும். நம்மவர் மீது பழி வந்தால் கூட்டாளி என்ன பேசுவார். பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்பனவெல்லாம் எழுத்தில் வருவதில்லை. ஆண்டுக் கணக்கில் நிலைக்கும் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர், ஐந்தாண்டு அரசியலை வாய்ச்சொல்லில் விட்டுவிடுவது வியப்புக்குரியது.

குஸாஆவின் தூதர் மதீனாவில் வந்து நின்றபோது அவர் உதவியை யாசிக்கவில்லை. உடன்படிக்கையை நினைவூட்டி உரிமையைக் கேட்டார். அவ்வாறு கேட்பதற்கு முன்கூட்டியே எழுதப்பட்ட ஓர் ஏடு அவர் பின்னே இருந்தது. அத்தகைய ஏட்டோடு பேச்சுவார்த்தைக்குச் செல்லும் தெளிவையும், நாம் கையொப்பமிட்டதை நாமே மீறாதிருக்கும் உறுதியையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.